முப்பத்தொன்றாம் சோதனை

மே 14

அன்புள்ள சல்லடை அக்காவுக்கு,

பதினோரு தடவை போன் செய்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதலாம் என்றால், விசாரணை நடக்கிற நேரத்தில் நாம் எழுதுவதை நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் தபால். நான் கடைசியாகத் தாளில் எழுதியது பள்ளிக்கூடத்து லீவு லெட்டராகத்தான் இருக்கும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்து ஆறு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு லாட்ஜ், மாடியில் அறை. சன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். அது ஓடும்போது நான் பேசுவது எனக்கே கேட்காது. ஓடாதபோது பேச ஆள் இல்லை. பகல் முழுக்க ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். கூட இருப்பது முந்நூற்று நாற்பது கம்ப்யூட்டர்களின் பட்டியல் மட்டும். ஒவ்வொன்றிலும் நம்முடைய புது பிரவுசரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட வேண்டும். பழையதில் திருடன் புகுந்துவிடக்கூடிய ஓட்டை இருப்பதால் வெளி இணைப்பையே பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். ஆறு மாதம் ஒரு இஞ்சினியர் இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டது. தப்பு செய்தவனையே அனுப்பிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். புது பிரவுசர் நம் பழைய சிஸ்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அச்சுப் பகுதிக்கு நாற்பது வரியில் ஒட்டுப் போட்டு ஒரு பேட்ச் எழுதினேன் அல்லவா? அதில்தான் கோளாறு. சின்னச் சீட்டில் அச்சடித்தால் கடைசி வரி விடுபட்டுப்போகிறது. மருந்துக் கவரில் ஒட்டுகிற சீட்டில் அந்தக் கடைசி வரிதான் ‘அரை மாத்திரை’. மருந்து கொடுக்கிற அம்மா கண்டுபிடிப்பதற்குள் பத்து நாள் அந்த வரி இல்லாமலே சீட்டுகள் போயிருக்கின்றன. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் மட்டும் அரைக்குப் பதில் முழு மாத்திரையாகப் போட்டு, ரத்த அழுத்தம் இறங்கி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தையல்காரராம். இரண்டாவது மாடியில் படுத்திருக்கிறார். போய்ப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சின்னச் சீட்டில் அச்சடித்துப் பார்க்கிற உங்களுடைய முப்பத்தொன்றாம் சோதனையையே ஏமாற்றிவிட்டு வெளியே போயிருக்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட கள்ளப் பிழையாக இருக்க வேண்டும்! ஆறு வருஷத்தில் நீங்கள் சோதித்துச் ‘சரி’ போட்டு வெளியே விட்ட ரிலீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்காகத்தான் உங்களுக்குச் சல்லடை என்று பேர் வைத்தேன். சாஃப்ட்வேரைப் பேக்கேஜாகக் கட்டுகிறவன் என்று எனக்குப் பொட்டலம் என்று வைத்துப் பழிவாங்கினீர்கள். அந்தச் சல்லடைப் பேரை நான் கெடுத்துவிட்டேன்.

என் வீடு உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெருதானே. ஒரு நடை போய்ச் சின்னவளைப் பாருங்கள். ஆறு வாரக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாரைப் போலச் சிரிக்கிறாள் என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
பொட்டலம்


மே 30

பொட்டலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. போன் எடுக்காததற்குக் காரணம் ஒன்றுமில்லை. என் போனில் சார்ஜ் நிற்பதில்லை.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். இனி அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம்.

இங்கே புதிதாக எதுவும் இல்லை. அடுத்த மாதத்துப் பிரவுசர் பில்ட் வந்திருக்கிறது, சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. நாற்காலியை மட்டும் மீட்டிங் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலியான மேசையைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

உன் வீட்டுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. போகிறேன்.

உன் கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழை. வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தத் தையல்காரர் எப்படி இருக்கிறார்?

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

மூன்று பிழைதானா? நான் பத்தாவது இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் கண் மங்க ஆரம்பித்துவிட்டது.

தையல்காரரைப் பார்த்துவிட்டேன். நான்கு தடவை வார்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். ஐந்தாவது தடவை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். “யாரைத் தேடுறீங்க? தினமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறீங்களே?” என்றாள். வாய் தவறி அவருடைய கட்டில் எண்ணைச் சொல்லிவிட்டேன். உடனே கூட்டிக்கொண்டு போய், “ஐயா, உங்களுக்கும் ஆள் வந்தாச்சு” என்று சொல்லி என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டாள். அவரைப் பார்க்க யாருமே வருவதில்லையாம். மனைவி இல்லை. மகன் கப்பலில் வேலை செய்கிறார், வருஷத்துக்கு ஒரு முறை வருவார்.

மெலிந்த மனிதர். வெள்ளை மீசை. இரண்டாவது ஆபரேஷன் முடிந்திருக்கிறது, புண்ணில் சீழ் வைத்துவிட்டதாம். நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை. “சட்டையில தோள் தையல் ஏறி இருக்கு. ரெடிமேடா?” என்றுதான் ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். “அதான்” என்றார்.

என்ன வேலை என்று கேட்டார். மென்று முழுங்கிச் சொன்னேன். “பெரிய பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் ஓடுறதுக்கு அடியில ஒரு சிஸ்டம் இருக்கும் ஐயா. பத்து வருஷம் அதை மாத்த மாட்டோம்னு வாக்கு குடுத்து விக்கிறோம். ஆனா அதுக்குள்ள இருக்கிற பிரவுசர் மட்டும் மாசாமாசம் மாறணும், இல்லேன்னா திருடன் வந்துடுவான். மாறுறதை மாறாததுக்குள்ள பொருத்திக் குடுக்கிறது என் வேலை.”

“வளர்ற பையனுக்குப் பழைய சட்டையைப் பிரிச்சுத் தைக்கிற மாதிரி” என்றார்.

அதேதான் என்றேன். அவ்வளவு அழகாக நம் மேனேஜர்கூடச் சொன்னதில்லை.

“போட்டுப் பாத்துச் சொல்றது யாரு? தைக்கிறவனே பாத்தா குறை தெரியாது.”

“அதுக்கு ஒரு அக்கா இருக்காங்க. அவங்க பாத்தா ஒரு நூல்கூடத் தப்பாது” என்றேன்.

“அப்படி ஒருத்தர் கிடைக்கிறது அதிர்ஷ்டம்” என்றார்.

தான் எப்படி விழுந்தார் என்று அவராகவே சொன்னார். மாத்திரைச் சீட்டில் ஏதோ தப்பாம், யாரோ கவனிக்கவில்லையாம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இப்போது தினமும் நாலு மணிக்குப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். நான்தான் அந்த ‘யாரோ’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சின்னவளைப் பார்த்தீர்களா? போனில் அவளுடைய மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்க வைக்கிறாள் என் மனைவி. அதையே பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 23

பொட்டலத்துக்கு,

இதற்கு முன் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் போட வேண்டும்.

என்னைப் பற்றி அந்த மனிதரிடம் அப்படியெல்லாம் சொல்லாதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாவின் அலமாரியைத் துடைத்தேன். அவள் போய் நாலு வருஷமாகியும் அதில் இருப்பது அவள் சாமான்தான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கோ கிளம்பிப் போனார்கள். அவர்கள் டி.வி. சத்தம் இல்லாமல் போனதும் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உன் தெருவுக்குப் போனேன்.

உன் வீட்டு கேட் வரைக்கும் போனேன். உள்ளே துணி காய்ந்துகொண்டிருந்தது. கைக்குட்டை அளவில் வரிசையாகச் சின்னச் சின்னச் சட்டைகள். உன் மாமியார் யாரிடமோ, “கழுத்து நிக்குது பாரு, தூக்கிப் பாக்கிறா பாரு” என்று சொல்வது கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. தெருமுனைக் கடையில் தேவையே இல்லாத ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ வந்ததும் நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை.

குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது. அதையாவது உனக்குத் தெரிவிக்க முடிந்தது.

அக்கா


ஜூலை 6

அக்கா,

பேட்சில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஒரு கழித்தல். தாளின் கீழ் ஓரத்தை இரண்டு முறை கழித்திருக்கிறேன். பெரிய தாளில் அது தெரியவே தெரியாது, சின்னச் சீட்டில் ஒரு வரியையே முழுங்கிவிடுகிறது. சரி செய்தாகிவிட்டது.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

சில சமயம் மட்டும் வருகிற பிழை என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். உங்கள் கண்ணில் படவில்லை என்றால் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் பழைய பில்டை இங்கே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு அச்சடித்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்து தடவையும் வரி விடுபடுகிறது அக்கா. ஒரு தடவைகூடத் தப்பிக்கவில்லை.

அந்தப் பில்ட் வெளியே போன வெள்ளிக்கிழமையின் சோதனைப் பதிவைத் திறந்து பார்த்தேன். முப்பதாவது சோதனை, சரி, நாலு பன்னிரண்டு. முப்பத்தொன்று, சரி, நாலு பன்னிரண்டு. சீட்டு பிரிண்டர் இருப்பது மூன்றாம் மாடியில். உங்கள் இடத்திலிருந்து போய்வரவே ஐந்து நிமிஷம் ஆகும்.

வேறு ஏதாவது நடந்திருக்கலாம். பிரிண்டர் ஓடாமல், பெரிய தாளில் அடித்துப் பார்த்திருப்பீர்கள். அல்லது பழைய பில்டையே தவறிச் சோதித்திருப்பீர்கள். அவசர ரிலீஸ், இரண்டு நாள் கெடு, மேனேஜர் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் நடக்கும். அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நம்பிவிடுகிறேன். மறுபடி கேட்க மாட்டேன்.

பொட்டலம்


ஜூலை 14

தம்பி,

நீ சொன்ன எதுவும் நடக்கவில்லை. நான் முப்பத்தொன்றாம் சோதனையைச் செய்யவே இல்லை. செய்யாமலே ‘சரி’ போட்டேன்.

எப்படி என்று கேட்பாய். பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

நாலு மணிக்கு முப்பதும் முடிந்தது. சீட்டு ரோலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மூன்றாம் மாடி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நம் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் நின்றிருந்தார்கள். கேக். உனக்குப் பெண் பிறந்ததற்கு. நீ மேனேஜர் வாயில் ஒரு துண்டைத் திணித்தாய், அவர் மூக்கில் கிரீம் ஒட்டிக்கொண்டது, எல்லோரும் சிரித்தீர்கள். நானும் வெளியே நின்றுகொண்டு சிரித்தேன். அப்புறம்தான் என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது.

உள்ளே போயிருக்கலாம். “பிரிண்டர் வேணும்” என்று சொல்லிக்கொண்டு நுழைந்தால் போதும். ஆனால் நான் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி நிற்கும். யாராவது, “அட, நீங்களும் வாங்க” என்பார்கள். அந்த ‘நீங்களும்’ என்ற வார்த்தையைக் கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது. ரோலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அந்தச் சோதனை எழுபத்திரண்டு ரிலீசில் எழுபத்திரண்டு முறையும் தேறியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் சேர்த்து டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே போய்விட்டது.

அதற்கு அப்புறம் நீ ஒரு தட்டில் கேக் கொண்டுவந்தாய். “அக்கா, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்.” வேலை இருக்கிறது, வைத்துவிட்டுப் போ என்றேன். அதை நான் சாப்பிடவில்லை.

இதை ஒரு சமாதானமாக எழுதவில்லை. கேக்குக்குக் கூப்பிடாததற்காக ஒருவர் இடுப்பு உடைந்தது என்று எழுதிப் பார்த்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

பேட்சில் தப்பு வரும். வருவதால்தான் எனக்கு அங்கே வேலை. உன் தப்பு என் கையில் நின்றிருக்க வேண்டியது. அது தெரிந்தும் மே மாதத்திலிருந்து உன் மன்னிப்புகளை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் நன்றாகவே நிற்கிறது.

நாளைக்கு மேனேஜரிடம் சொல்லப் போகிறேன்.


ஆகஸ்ட் 8

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததைத் தெரிவிக்க எழுதுகிறேன்.

மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அந்த ஃபைலை மூடியாச்சு. பேட்ச்தான் காரணம்னு ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் குடுத்தாச்சு. இப்பப் போய் ஏன் கிளறுறீங்க? யாருக்கு என்ன லாபம்?” என்றார். எழுதித்தான் தருவேன் என்றேன். “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என் உடம்பைப் பற்றிக் கேட்டது அன்றுதான்.

எழுதிக் கொடுத்தேன். ‘சரி’ போடுகிற உரிமையை எடுத்துவிட்டார்கள். அது நியாயம். இப்போது என்னிடம் யாரும் பேசுவதில்லை. முன்பும் பேசவில்லை, ஆனால் அப்போது வேலையாவது இருந்தது.

உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். தோளில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். “இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அக்கா?” என்று உட்கார வைத்தாள். குழந்தையை என் மடியில் போட வந்தாள். கொஞ்சம் இரு, முதலில் சொல்லிவிடுகிறேன் என்றேன். நின்றபடியே முழுக்கக் கேட்டாள். கடைசியில், “மூணு மாசமா இவ அப்பா முகம் பாக்கல” என்றாள். “குழந்தை தூங்கப் போறா. நீங்க கிளம்புங்க” என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள், குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று.

உன் இடத்துக்கு என்னை அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டேன். மேனேஜருக்கு நிம்மதி. என் முகத்தைப் பார்க்க வேண்டாம் அல்லவா? இருபத்தெட்டாம் தேதியிலிருந்து உனக்கு விடுதலை. உத்தரவு இன்றைக்கோ நாளைக்கோ உன் கைக்கு வரும்.


ஆகஸ்ட் 17

அக்கா,

உத்தரவு வந்தது. வேண்டாம், நானே இருக்கிறேன் என்று நல்லவனாட்டம் சொல்ல மாட்டேன். எனக்கு என் குழந்தையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை வாசித்த அன்று அதைச் சுருட்டி ஜெனரேட்டர் பக்கம் வீசினேன். அப்புறம் கீழே இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். லாட்ஜ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டிக் போட்டதைக்கூட விட்டுவிடலாம் அக்கா. நானும் பேட்சை இரண்டாம் முறை படிக்காமல் அனுப்பினேன். ஆனால் நான் அந்தக் கட்டில் பக்கத்தில் தினமும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், அது உங்களுக்குத் தெரியும். ஜூன் கடிதத்தில் எழுதினேனே. முதல் கடிதத்தில் நான் மன்னிப்புக் கேட்டபோதும் எழுத்துப் பிழைதான் எண்ணினீர்கள். அதைத்தான் விட முடியவில்லை.

கேக் விஷயத்தில் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டாச்சா என்று நான் கேட்டேன். “சல்லடை வர மாட்டாங்க, ரிலீஸ் நாள்” என்று ஒருவன் சொன்னான். சரி என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நீங்கள் இருந்தால் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். தட்டில் எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் குற்ற உணர்ச்சியில்தான். இன்னொன்று. கேக் பெட்டிக்கு இடம் இல்லை என்று அந்தச் சீட்டு பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கி, தூக்கிச் சன்னலோரம் வைத்தது நான்தான். நீங்கள் உள்ளே வந்திருந்தாலும் அதை முதலில் மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

தையல்காரரிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். நான் கட்டின பேக்கேஜ்தான், என் தப்புதான் என்று. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பேப்பர் எங்கே?” என்றார். உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைப் பற்றிப் பேச வாய் திறந்தால் என்ன வருமோ என்ற பயம்.

அறைச் சாவியை லாட்ஜ் மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். சுவிட்ச் போர்டில் கீழே இருக்கிற பிளக்கில் ஷாக் அடிக்கும், தொடாதீர்கள். நீங்கள் வருவதற்கு முந்திய பஸ்ஸிலேயே நான் கிளம்பிவிடுவேன். இப்போதைக்கு உங்களை நேரில் பார்க்க வேண்டாம்.


செப்டம்பர் 5

தம்பி,

வந்து எட்டு நாள் ஆகிறது. நீ போய்ச் சேர்ந்து குழந்தையைத் தூக்கியிருப்பாய். அவள் உன்னை அடையாளம் தெரியாமல் அழுதிருந்தால் கவலைப்படாதே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இங்கே நர்ஸ் சொல்கிறாள்.

நீ அனுப்பிய புது பில்டைத் திங்கட்கிழமை போட்டேன். ‘சரி’ போட எனக்கு உரிமை இல்லை, பார்த்து எழுதத்தான் முடியும். மருந்து கொடுக்கிற அம்மாவின் கவுண்டருக்குள் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, அவர் அச்சடித்த ஒவ்வொரு சீட்டையும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நானூற்றுப் பதினாறு சீட்டு. கடைசி வரி எல்லாவற்றிலும் இருக்கிறது. அறிக்கை அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய்.

தையல்காரரைப் பார்க்க முதல் நாளே போனேன். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். நான்தான் அந்த அக்கா, போட்டுப் பார்க்க வேண்டியவள், பார்க்காமலே விட்டேன் என்று.

என்னைத் திரும்பிப் பார்த்தார். “அந்தத் தம்பி தன் தப்புன்னு சொன்னாரே?”

“அவர் தப்பும்தான்.”

“அப்ப ரெண்டு பேருமா சேர்ந்துதான் என்னைத் தள்ளி விட்டீங்க.”

ஆமாம் என்றேன். அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. “எதுக்காகப் பாக்காம விட்டீங்க?” என்று கேட்டார். கேக்கைப் பற்றிச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னேன். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மறுநாள் போனேன், பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பேப்பர் படித்துவிட்டு வந்தேன், கேட்கிறாரா என்றுகூடத் தெரியாது. நேற்று அவர் மகன் கப்பலிலிருந்து போன் செய்தார். “இங்க ஒரு அம்மா வந்து பேப்பர் படிக்கிறாங்க, உச்சரிப்பு சுத்தமா இருக்கு” என்று தையல்காரர் அவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

இன்று காலை அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பெண் வரவில்லை. லீவாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு வாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். “ஒரு நாள் விட்டா திரும்ப முதல்ல இருந்துன்னு சொல்லுவா அந்தப் பொண்ணு” என்றார், என்னிடமா தனக்குத் தானேயா தெரியவில்லை. நர்ஸிடம் போய்க் கேட்டேன். “நீங்க ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா வராண்டா முனை வரைக்கும் போகலாம்” என்றாள்.

எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரே என் கையை எடுத்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்துக்கொண்டார். “இறுக்கிப் பிடிங்க. பாதியில விட்டுடாதீங்க.” எழுந்தார். முழுப் பாரமும் என் தோளில் இறங்கியது. மெலிந்த மனிதர்தான். ஆனாலும் ஒரு ஆள் இவ்வளவு கனப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா போன பிறகு நான் ஒருவரைத் தொட்டது இன்றைக்குத்தான்.

பதினெட்டு அடி. நடுவில் மூன்று தடவை நின்றோம். இரண்டாவது தடவை வலியில் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, “உங்களை இல்ல” என்றார். வராண்டா முனையில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வியர்வை மீசையில் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை, என் முந்தானையால் துடைத்துவிட்டேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

“அந்தத் தம்பி ரொம்ப உயரம். எனக்குத் தோள் எட்டாது” என்றார். “உங்க உயரம்தான் சரியா இருக்கு. நாளைக்கும் அந்தப் பொண்ணு லீவு. பத்து மணிக்கு வந்துடுங்க.”

வருகிறேன் என்றேன். கட்டிலுக்குத் திரும்ப இன்னும் பதினெட்டு அடி இருந்தது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா